லோன் ஆப் உங்க கான்டாக்ட் லிஸ்ட்ட எடுத்துட்டு மிரட்டுதா? என்னென்ன பண்ணணும்னு வரிசையா சொல்றேன்

லோன் ஆப்ல காசு வாங்கினவங்கள்ல நிறைய பேருக்கு வட்டிய விட பெரிய பயம் போன்ல இருக்கற கான்டாக்ட் லிஸ்ட் தான். மூவாயிரம் ரூபா பாக்கிக்கு மாமியார், ஆபீஸ் மேனேஜர், பொண்ணோட ஸ்கூல் டீச்சர்னு எல்லாருக்கும் "இந்த ஆளு ஃப்ராடு, காச வாங்கிட்டு ஓடிட்டான்"னு மெசேஜ் போகும், போட்டோவ அசிங்கமா எடிட் பண்ணி வாட்ஸ்அப் குரூப்ல போடுவாங்க, அந்த அவமானத்துக்கு பயந்துதான் ஜனங்க ஒரு ஆப்ல வாங்கி இன்னொரு ஆப்ல கட்டறாங்க, கட்டி முடிச்ச கடனையே மறுபடியும் கட்டறாங்க.

அதனால முதல்ல ஒண்ண மனசுல நல்லா ஏத்திக்கோங்க. கடன் பாக்கி இருக்கறது ஒரு விஷயம், உங்க டேட்டாவ எடுத்து உங்கள அசிங்கப்படுத்தறது முழுக்க வேற விஷயம். மிரட்டறவன் இந்த ரெண்டையும் சேர்த்து முடிச்சு போட்டு பேசுவான், "காச குடு, நான் நிறுத்தறேன்"னு. நீங்க ரெண்டையும் பிரிச்சு வைக்கணும். நீங்க நிஜமாவே பத்தாயிரம் பாக்கி வச்சிருக்கலாம், ஆறு மாசமா கட்டாம இருக்கலாம், அப்பவும் உங்க கான்டாக்ட் லிஸ்ட்ட தொட அவனுக்கு உரிமை கிடையாது. இத புரிஞ்சிக்கிட்டாலே பாதி பயம் போயிடும், மீதிய கீழ இருக்கறத செஞ்சு போக்கிக்கலாம்.

"ஆனா நான் தானே அலோ பட்டன அமுக்கினேன்"னு நிறைய பேரு கேப்பாங்க. ரிசர்வ் பேங்க் 2022 செப்டம்பர் 2-ல டிஜிட்டல் லெண்டிங்குக்கு (ஆப், ஆன்லைன் வழியா கடன் குடுக்கறதுக்கு) விதிகள் போட்டுச்சு, அப்புறம் 2025 மே 8-ல அதையெல்லாம் சேர்த்து புதுசா ஒரு உத்தரவா கொண்டு வந்துச்சு. ரெண்டுலயும் இருக்கற விஷயம் இது: கடன் குடுக்கற ஆப் எந்த சூழ்நிலையிலயும் போன்ல இருக்கற ஃபைல், போட்டோ, கான்டாக்ட் லிஸ்ட், கால் லாக் இதையெல்லாம் எடுக்கக் கூடாது. கேமரா, மைக், லொக்கேஷன் மட்டும் கேஒய்சி (நீங்க யாருன்னு சரிபாக்கறது) மாதிரி வேலைக்கு ஒரே ஒரு தடவ, உங்ககிட்ட தெளிவா சம்மதம் வாங்கிட்டு எடுத்துக்கலாம். எந்த சூழ்நிலையிலயும்னா நீங்க அலோ குடுத்திருந்தாலும்னு தான் அர்த்தம், ஏன்னா தடை போட்டிருக்கறது ஆப் மேல, நீங்க எந்த பட்டன அமுக்கினீங்கன்றத பொறுத்து அது மாறாது. கூகுள் பிளே ஸ்டோரும் 2023 மே 31-ல இருந்து பர்சனல் லோன் ஆப்புங்க கான்டாக்ட்ஸ், போட்டோ பர்மிஷன் கேக்கவே கூடாதுன்னு வச்சிருக்கு.

மிரட்டல் இப்பவே நடந்துக்கிட்டு இருக்குன்னா

அவசரத்துல எல்லாரும் முதல்ல பண்றது ஆப்ப டெலிட் பண்றது, சிம்ம கழட்டி போடறது. ரெண்டுமே வேண்டாம். ஆப்ப எடுத்துட்டா ஏற்கனவே அவன் சர்வருக்கு போன லிஸ்ட் திரும்பி வராது, உங்க கையில இருக்கற ஆதாரம் தான் போகும். சிம்ம மாத்தினா பேங்க் ஓடிபி எல்லாம் சிக்கலாகும், அவன் உங்கள விட்டுட்டு நேரா உங்க சொந்தக்காரங்களுக்கு அடிப்பான்.

ஆதாரத்த எடுத்து வைக்கிறது தான் முதல் வேலை. ஆப்போட பேரு, லோன் நம்பர், எவ்வளவு கேட்டீங்க, கையில எவ்வளவு வந்துச்சு, எந்த தேதி, எவ்வளவு கட்டச் சொல்றான், இதெல்லாம் ஆப்குள்ள எங்கெங்க இருக்கோ அங்கெல்லாம் ஸ்க்ரீன்ஷாட். பிளே ஸ்டோர்ல இருந்து போட்டிருந்தீங்கன்னா அந்த ஆப் பேஜ்ல கீழ டெவலப்பர் பேரு, மெயில் ஐடி இருக்கும், அதையும் எடுங்க, நாளைக்கே அந்த பேஜ் காணாம போயிடலாம். மிரட்டல் மெசேஜ் எல்லாம் நம்பர் தெரியற மாதிரி, தேதி நேரம் தெரியற மாதிரி. போன் பண்ணா ரெக்கார்ட் பண்ணுங்க. பேங்க் ஸ்டேட்மென்ட்ல காசு எந்த அக்கவுண்ட்ல இருந்து வந்துச்சு, நீங்க எந்த யுபிஐ ஐடிக்கு கட்டினீங்க, யூடிஆர் நம்பர் (ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் பேங்க் குடுக்கற தனி நம்பர்) என்ன, இது ரொம்ப முக்கியம், ஏன்னா ஆப் பேரு மாறும், வாட்ஸ்அப் நம்பர் மாறும், காசு போன வழி மட்டும் பேங்க் ரெக்கார்டுல நிக்கும். இன்னொண்ணு, ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாச்சேன்னு ஒரிஜினல் சாட்ட அழிச்சிடாதீங்க, கேஸ்னு போனா போன்ல இருக்கற ஒரிஜினலுக்கு தான் மதிப்பு.

அடுத்து செய்ய வேண்டியது தான் எல்லாருக்கும் கஷ்டமா இருக்கும், ஆனா அதுக்குத் தான் பலனும் ஜாஸ்தி. அவன் சொல்றதுக்கு முன்னாடி நீங்களே உங்க ஆளுங்களுக்கு சொல்லிடுங்க. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், ஃபேமிலி குரூப், ஆபீஸ்ல நம்பிக்கையான ஒருத்தர். இப்படி எழுதினா போதும்: "என் போன்ல இருந்து ஒரு லோன் ஆப் சட்டத்துக்கு விரோதமா கான்டாக்ட் நம்பர் எல்லாம் திருடியிருக்கு. என் பேரச் சொல்லி தப்பா மெசேஜோ எடிட் பண்ண போட்டோவோ வந்தா நம்பாதீங்க, யாரும் காசு அனுப்பாதீங்க, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பிட்டு அந்த நம்பர ரிப்போர்ட் பண்ணி பிளாக் பண்ணுங்க. போலீஸ்ல கம்ப்ளைன்ட் குடுக்கறேன்." அவ்வளவு தான். எவ்வளவு கடன், எதுக்கு வாங்கினீங்க இதெல்லாம் யாருக்கும் விளக்க வேண்டிய அவசியம் இல்ல. அவன்கிட்ட இருக்கற ஒரே ஆயுதம் "சொல்லிடுவேன்"றது, நீங்களே சொன்னதுக்கு அப்புறம் அந்த ஆயுதத்துல வேகம் இருக்காது. வீட்ல சொல்ல பயமா இருந்தா ஒரே ஒருத்தர்கிட்டயாவது சொல்லுங்க, அக்காவோ சித்தியோ பிரண்டோ, தனியா மட்டும் இதத் தாங்காதீங்க. ராத்திரி தூக்கம் இல்லாம மனசு தப்பா போகுதுன்னா 14416-க்கு போன் பண்ணுங்க, அது அரசாங்கத்தோட இலவச மனநல ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசலாம். இந்த ஆப் தொல்லையில உயிர விட்டவங்க தமிழ்நாட்டுல, ஆந்திராவுல, தெலங்கானாவுல எல்லாம் இருக்காங்க, அதனால தான் இத நடுவுல வச்சு சொல்றேன்.

மிரட்டலுக்கு பயந்து காசு அனுப்பாதீங்க. கட்டின உடனே நிறுத்துவான்னு ஒரு உத்தரவாதமும் இல்ல, "இந்த ஆளு பயந்து கட்டுவாரு"ன்னு குறிச்சு வச்சிட்டு வேற நம்பர்ல இருந்து திரும்ப வருவாங்க. முறையான கம்பெனி கடன்னா கட்டித் தான் ஆகணும், அதுக்கு வழி இருக்கு, கீழ வரேன். ஆனா அத ராத்திரி பதினோரு மணிக்கு யாரோ ஒருத்தனோட யுபிஐக்கு அனுப்பி தீர்க்க முடியாது.

போன சுத்தம் பண்றது

ஆதாரம் எடுத்தாச்சுன்னா இப்ப ஆப்ப கழட்டலாம். ஆண்ட்ராய்டுல செட்டிங்ஸ் போய் ஆப்ஸ், அந்த ஆப், பர்மிஷன்ஸ், எல்லாத்தையும் டோன்ட் அலோ. அப்புறம் அன்இன்ஸ்டால். அன்இன்ஸ்டால் பட்டன் வேலை செய்யலன்னா செக்யூரிட்டி செட்டிங்ஸ்ல டிவைஸ் அட்மின்னு ஒரு இடம் இருக்கும், அங்க அந்த ஆப் டிக் ஆகியிருக்கும், அத எடுத்துட்டா போயிடும். அக்சஸிபிலிட்டி செட்டிங்ஸ்லயும் ஒரு தடவ பாருங்க, அங்க தெரியாத ஆப் எது ஆன்ல இருந்தாலும் ஆபத்து, உங்க ஸ்க்ரீன்ல இருக்கறத எல்லாம் அதால படிக்க முடியும், ஓடிபி உட்பட. வாட்ஸ்அப்ல வந்த லிங்க்ல இருந்து ஏபிகே (பிளே ஸ்டோர் வழியா வராம நேரா போடற ஆப் ஃபைல்) போட்டிருந்தீங்கன்னா இன்னும் கவனமா இருக்கணும், "இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்"ல வாட்ஸ்அப்புக்கும் குரோமுக்கும் குடுத்திருக்கற அனுமதிய எடுத்துடுங்க, பிளே ப்ரொடெக்ட் ஸ்கேன் ஓட்டுங்க, அப்பவும் சந்தேகமா இருந்தா போட்டோ எல்லாம் பேக்கப் எடுத்துட்டு ஃபேக்டரி ரீசெட் பண்ணிடறது நல்லது, ஆனா கம்ப்ளைன்ட் குடுத்து ஆதாரத்த காப்பி எடுத்ததுக்கு அப்புறம்.

கூகுள் அக்கவுண்ட் பாஸ்வேர்ட வேற ஒரு போன்ல இருந்து மாத்துங்க. ஐபோன்னா பிரைவசி அண்ட் செக்யூரிட்டில கான்டாக்ட்ஸ், போட்டோஸ் ரெண்டையும் திறந்து எந்தெந்த ஆப்புக்கு அனுமதி இருக்குன்னு பாத்து வேண்டாதத ஆஃப் பண்ணுங்க. லோன் ஆப்போட மட்டும் நிறுத்தாதீங்க, டார்ச் ஆப், ரம்மி ஆப், போட்டோ எடிட்டர் எதுக்கெல்லாம் கான்டாக்ட்ஸ் குடுத்து வச்சிருக்கீங்கன்னு பர்மிஷன் மேனேஜர்ல ஒரே லிஸ்டா தெரியும், அதப் பாத்தாலே கைய எங்கெல்லாம் விட்டிருக்கோம்னு புரியும்.

ஆதார் காப்பி, பான் காப்பி, செல்ஃபி எல்லாம் அவன்கிட்ட இருக்குமே? இருக்கும். ஆதார் குடுக்கற யுஐடிஏஐயோட ஆப்ல பயோமெட்ரிக் லாக் போடுங்க, கைரேகை வச்சு யாரும் எதுவும் பண்ண முடியாது, உங்களுக்கு தேவைப்படும்போது தற்காலிகமா திறந்துக்கலாம். ஆதெண்டிகேஷன் ஹிஸ்டரியும் பாருங்க, உங்க ஆதார எங்கெல்லாம் யூஸ் பண்ணியிருக்காங்கன்னு கடைசி ஆறு மாசத்துக்கு காட்டும். இனிமே யாருக்கு ஆதார் காப்பி குடுத்தாலும் கடைசி நாலு நம்பர் மட்டும் தெரியற மாஸ்க்டு ஆதார் டவுன்லோட் பண்ணி குடுங்க. உங்க பேர்ல வேற சிம் வாங்கியிருக்காங்களான்னு சஞ்சார் சாத்தி சைட்ல பாக்கலாம், உங்களுது இல்லாத நம்பர் இருந்தா அங்கயே "இது என் நம்பர் இல்ல"ன்னு ரிப்போர்ட் பண்ணிடலாம்.

அவன் யாருன்னு கண்டுபிடிக்கிறது

கம்ப்ளைன்ட் எங்க குடுக்கணும்ன்றது இத பொறுத்து தான். இந்தியாவுல ஒரு ஆப் நேரா தன் பேர்ல கடன் குடுக்க முடியாது, பின்னாடி ஒரு பேங்கோ, ரிசர்வ் பேங்க்ல பதிவு பண்ண என்பிஎஃப்சியோ (பேங்க் இல்லாத கடன் கம்பெனி) இருக்கணும். ஆப் வெறும் ஏஜென்ட். அந்த பின்னாடி இருக்கற கம்பெனி பேரு லோன் அக்ரிமென்ட்லயும், கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்னு ஒரு பேப்பர் குடுக்கணும், அதுலயும் இருக்கணும். கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்ல வருஷ வட்டி எல்லா சார்ஜும் சேர்த்து எவ்வளவுன்னு ஒரே சதவீதமா போட்டிருக்கணும், அதுல இல்லாத எந்த சார்ஜையும் அப்புறமா கேக்க முடியாது.

ரிசர்வ் பேங்க் சைட்ல 2025 ஜூலை 1-ல இருந்து டிஜிட்டல் லெண்டிங் ஆப்புங்களோட பட்டியல் ஒண்ணு இருக்கு, எந்த ஆப் எந்த கம்பெனியோட சேர்ந்ததுன்னு தேடலாம். அந்த லிஸ்ட் கம்பெனிங்களே குடுத்த தகவல், ரிசர்வ் பேங்க் ஒவ்வொரு ஆப்பா சோதிச்சு நல்ல சர்டிபிகேட் குடுத்த லிஸ்ட் கிடையாது, ஆனா உங்க ஆப் அதுல இல்லவே இல்லன்னா சந்தேகப்பட அதுவே போதும். அதே பேருல போலி ஆப்பும் சுத்துது, அதனால ஆப் பேர மட்டும் பாக்காம அக்ரிமென்ட்ல இருக்கற கம்பெனி பேரோட ஒத்துப் போகுதான்னு பாருங்க.

காசு வந்த வழியும் ஒரு அடையாளம். முறையான லோன்னா காசு அந்த பேங்க் அல்லது என்பிஎஃப்சி அக்கவுண்ட்ல இருந்து நேரா உங்க அக்கவுண்டுக்கு வரணும், நீங்க கட்டறதும் நேரா அவங்க அக்கவுண்டுக்கு தான் போகணும், நடுவுல ஆப்காரன் அக்கவுண்ட் வரவே கூடாது. ஒவ்வொரு தடவையும் புதுசு புதுசா யாரோ ஒரு தனி ஆள் பேர்ல க்யூஆர் கோட் வருதுன்னா அது முறையான கடன் இல்ல. ஏழு நாள்ல கட்டணும்றதும் அப்படித்தான், பிளே ஸ்டோர் விதிப்படி 60 நாள் அல்லது அதுக்குள்ள முழுசா கட்டச் சொல்ற பர்சனல் லோன் ஆப்புக்கே அங்க இடம் கிடையாது.

இது எவ்வளவு பெருசுன்னு ஒரு கணக்கு: 2021-ல ரிசர்வ் பேங்க் ஒரு குழு போட்டு பாத்தப்ப ஆப் ஸ்டோர்கள்ல சுமார் 1,100 லோன் ஆப் இருந்துச்சு, அதுல 600 சட்டவிரோதம்னு அந்த குழுவே சொல்லுச்சு. அதே வருஷம் ஜனவரியில சென்னை போலீஸ் ஒரு லோன் ஆப் கேஸ்ல பெங்களூருல ஒரு கால் சென்டர புடிச்சு சீன நாட்டுக்காரங்க ரெண்டு பேரையும் அரெஸ்ட் பண்ணாங்க. அதனால போலீஸால ஒண்ணும் பண்ண முடியாதுன்னு நினைச்சு கம்ப்ளைன்ட் குடுக்காம இருக்காதீங்க.

பின்னாடி நிஜமான கம்பெனி இருந்தா

முதல்ல அந்த பேங்க் அல்லது என்பிஎஃப்சியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில். ஆப் கஸ்டமர் கேருக்கு மட்டும் எழுதிட்டு விட்டுடாதீங்க, ஏஜென்ட் பண்ண தப்புக்கும் கடன் குடுத்த கம்பெனி தான் பொறுப்பு. அதிகாரி பேரு மெயில் ஐடி அவங்க சைட்லயும் ஆப்லயும் போட்டிருக்கணும், கூகுள்ல தேடி வர்ற கஸ்டமர் கேர் நம்பர நம்பாதீங்க, அதுல பாதி வேற திருடன்.

மெயில்ல அழுகையும் கோபமும் வேண்டாம், இப்படி நேரா எழுதுங்க: "என் லோன் நம்பர் இது. உங்க ஏஜென்டான இந்த ஆப் இந்த தேதியில என் கான்டாக்ட் லிஸ்ட்ட எடுத்து, என்னோட சம்பந்தமே இல்லாத இத்தன பேருக்கு மெசேஜ் அனுப்பியிருக்கு, ஸ்க்ரீன்ஷாட் இணைச்சிருக்கேன். இது ரிசர்வ் பேங்கோட டிஜிட்டல் லெண்டிங் உத்தரவுக்கு விரோதம். என் டேட்டாவுக்கு நான் குடுத்த சம்மதத்த இந்த மெயில் மூலமா திரும்ப எடுக்கறேன். கான்டாக்ட் லிஸ்ட், போட்டோ, கால் லாக் எது எடுத்திருந்தாலும் அழிச்சிட்டு எழுத்துல உறுதி குடுங்க. என் தகவல யார் யாருக்கு குடுத்திருக்கீங்கன்னு லிஸ்ட் குடுங்க. கடன் பாக்கிய பத்தி இனிமே எனக்கு மட்டும், மெயில்ல அல்லது காலை 8-ல இருந்து சாயங்காலம் 7 மணிக்குள்ள போன்ல மட்டும் பேசுங்க." சம்மதத்த திரும்ப எடுக்கறது, டேட்டாவ அழிக்கச் சொல்றது ரெண்டுமே அந்த உத்தரவுலயே கடன் வாங்கினவங்களுக்கு குடுத்திருக்கற உரிமை. கடன் கணக்க மட்டும் சட்டப்படி வச்சிருக்க வேண்டியது இருக்கும், அத அழிக்க மாட்டாங்க, அழிக்கச் சொல்லவும் வேண்டாம்.

அந்த 8 மணி 7 மணி கணக்கு நானா சொல்றது இல்ல. 2022 ஆகஸ்ட் 12-ல ரிசர்வ் பேங்க் வசூல் ஏஜென்டுங்களுக்கு போட்ட சர்க்குலர்ல இருக்கு, காலை 8-க்கு முன்னாடியும் சாயங்காலம் 7-க்கு அப்புறமும் பாக்கிக்காக கூப்பிடக் கூடாது, ஊரறிய அவமானப்படுத்தக் கூடாது, குடும்பத்துக்காரங்க, நண்பர்கள், ரெஃபரன்ஸ் குடுத்தவங்க இவங்களோட நிம்மதியில தலையிடக் கூடாது, மொபைல்லயோ சோஷியல் மீடியாலயோ தகாத மெசேஜ் அனுப்பக் கூடாது.

30 நாள்ல பதில் வரல, வந்தும் திருப்தி இல்லன்னா ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மேன், அதாவது பேங்க், கடன் கம்பெனி மேல வர்ற புகார விசாரிக்கறவர். சிஎம்எஸ்னு ஒரு போர்ட்டல் இருக்கு, அதுல ஆன்லைன்லயே போடலாம், ஒரு பைசா செலவில்ல, வக்கீலும் வேண்டாம், சந்தேகம் கேக்க 14448. இதுல ஜனங்க சறுக்கற இடம் ஒண்ணே ஒண்ணு தான், கம்பெனிக்கு எழுத்துல முதல்ல குடுத்ததுக்கு ஆதாரம் இல்லாம நேரா இங்க வந்துடுவாங்க, தள்ளுபடி ஆயிடும். அதனால தான் போன்ல சண்ட போடறத விட மெயில் முக்கியம்னு சொல்றேன்.

கடன் வாங்கி ஒரு நாள் கூட ஆகலையா? அப்ப கூலிங் ஆஃப்னு ஒண்ணு இருக்கு, குறைஞ்சது ஒரு நாள் குடுக்கணும், அதுக்குள்ள வேண்டாம்னு முடிவு பண்ணா அசலும் அந்த நாளுக்கான வட்டியும் மட்டும் கட்டி அபராதம் இல்லாம வெளிய வரலாம். கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்ல முன்னாடியே சொல்லியிருந்தா நியாயமான ப்ராசஸிங் ஃபீஸ மட்டும் அவங்க வச்சிக்கலாம்.

பின்னாடி யாருமே இல்லாத திருட்டு ஆப்னா

இவனுக்கு மெயில் எழுதி பிரயோஜனம் இல்ல, நேரா போலீஸ். காசு போயிருந்தா உடனே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930, எவ்வளவு சீக்கிரம் கூப்பிடறீங்களோ அவ்வளவுக்கு அந்த காச வழியில நிறுத்த வாய்ப்பு ஜாஸ்தி. காசு போகல, மிரட்டல் மட்டும் தான்னா நேஷனல் சைபர் கிரைம் போர்ட்டல்ல கம்ப்ளைன்ட் போட்டு அந்த அக்னாலெட்ஜ்மென்ட் நம்பர வச்சிக்கோங்க, அதோட உங்க மாவட்ட சைபர் கிரைம் ஸ்டேஷனுக்கோ பக்கத்து ஸ்டேஷனுக்கோ எழுத்துல குடுங்க. மிரட்டி காசு புடுங்கறது பாரதிய நியாய சன்ஹிதாவுல (ஐபிசிக்கு பதிலா வந்த சட்டம்) செக்ஷன் 308, குற்றமுறு மிரட்டல் 351, உங்க ஆதார் பான் அடையாளத்த தப்பா யூஸ் பண்ணா ஐடி ஆக்ட் 66சி, அசிங்கமா மார்ஃப் பண்ண (எடிட் பண்ணி மாத்தின) போட்டோவ பரப்பினா 67, 67ஏ. செக்ஷன் எழுதறது உங்க வேலை இல்ல தான், ஆனா "இது சிவில் மேட்டர், கடன கட்டிடுங்க"ன்னு அனுப்பப் பாத்தா, "சார் நான் கடன பத்தி வரல, போட்டோவ மார்ஃப் பண்ணி மிரட்டினத பத்தி வந்திருக்கேன்"னு சொல்ல இது உதவும். இங்க தான் அந்த ரெண்டையும் பிரிச்சு வைக்கறது வேலைக்கு ஆகும். எஃப்ஐஆர் போட மறுத்தா எஸ்பிக்கோ கமிஷனருக்கோ தபால்ல அனுப்ப சட்டத்துலயே வழி இருக்கு. 2025-ல தமிழ்நாடு சட்டமன்றமும் கட்டாயப்படுத்தி கடன் வசூல் பண்றதுக்கு எதிரா தனியா ஒரு சட்டம் நிறைவேத்தியிருக்கு, டிஜிட்டல் கடன் ஆளுங்களும் அதுக்குள்ள வருவாங்க, ஸ்டேஷன்ல அதையும் சொல்லுங்க.

ரிசர்வ் பேங்க்ல பதிவு இல்லாதவன் கடன் குடுக்கறான்னு ரிசர்வ் பேங்கோட சாசெட் புகார் போர்ட்டல்லயும் போடுங்க. பிளே ஸ்டோர் பேஜ்ல மூணு புள்ளிய தொட்டா ரிப்போர்ட் இருக்கும், அதையும் பண்ணுங்க. ஆப்ப எடுத்தா வேற பேர்ல வருவான் தான், ஆனாலும் அந்த நடுவுல நாலு பேரு தப்பிப்பாங்க.

அதிகம் பேரு யோசிக்காத ஒண்ணு: மெசேஜ் வாங்கின உங்க பிரண்டு, மேனேஜர், சித்தப்பா இவங்க யாரும் எந்த ஆப்புக்கும் எந்த அலோவும் குடுக்கல. அவங்க நம்பர் அவங்க டேட்டா. அவங்களே தனியா கம்ப்ளைன்ட் குடுக்கலாம், அவங்க போன்ல வந்த ஒரிஜினல் மெசேஜே ஆதாரம், கடன் வாங்கினவர்ன்ற பேச்சும் அவங்ககிட்ட எடுபடாது. ரெண்டு பேரு அப்படி குடுத்தாலே கேஸ் நல்லா வலுவாகும், வெக்கப்படாம கேளுங்க.

மார்ஃப் பண்ண போட்டோ சுத்துதுன்னா வாட்ஸ்அப், இன்ஸ்டா, ஃபேஸ்புக் எதுலயோ அங்கயே முதல்ல ரிப்போர்ட். 2021 ஐடி ரூல்ஸ் படி நிர்வாணமா காட்டற படமோ மார்ஃப் பண்ண படமோ இருக்குன்னு சம்பந்தப்பட்டவங்களே புகார் குடுத்தா 2 மணி நேரத்துக்குள்ள (2026 பிப்ரவரி வரைக்கும் இது 24 மணி நேரமா இருந்துச்சு) அத எடுக்கணும், எடுக்கலன்னா அரசாங்கத்தோட குறைதீர்ப்பு மேல்முறையீட்டு குழு இருக்கு, அதுக்கும் ஆன்லைன்லயே போகலாம். ஸ்டாப்என்சிஐஐன்னு ஒரு சைட் இருக்கு, 18 வயசுக்கு மேல இருக்கறவங்களுக்கு, உங்க படம் உங்க போன விட்டு வெளிய போகாது, அதுல இருந்து ஒரு டிஜிட்டல் அடையாளம் மட்டும் எடுத்து ஃபேஸ்புக், இன்ஸ்டா மாதிரி இதுல சேர்ந்திருக்கற கம்பெனிங்களுக்கு குடுத்து அங்க பரவாம தடுக்க வைக்கும். பொண்ணுங்க இத நினைச்சு தான் ரொம்ப உடைஞ்சு போறாங்க. அம்மா, அது உங்க படமே இல்ல, உங்க முகத்த திருடி ஒருத்தன் செஞ்ச குற்றம், கூனி குறுக வேண்டியது அவன்.

"லோன் ஆப் டேட்டாவ டெலிட் பண்ணித் தரோம், ஐநூறு ரூபா"ன்னு டெலிகிராம்லயும் யூடியூப் கமெண்ட்லயும் வருவாங்க. ஒருத்தராலயும் அவன் சர்வர்ல இருந்து அழிக்க முடியாது, இதுவும் ஏமாத்து தான், பயந்து போயிருக்கறவங்கள தேடித் தேடி வருது.

புது டேட்டா சட்டம் இதுல எவ்வளவு உதவும்

டிஜிட்டல் பர்சனல் டேட்டா ப்ரொடெக்ஷன் சட்டம் 2023 ஆகஸ்ட்ல வந்துச்சு, அதுக்கான விதிகள் 2025 நவம்பர்ல தான் வந்துச்சு. அதுலயும் புகார விசாரிக்கற டேட்டா போர்டு அமைக்கறது மட்டும் உடனே, கம்பெனிங்க சம்மதம் வாங்கறது, அழிக்கறது, லீக் ஆனா சொல்றது மாதிரி முக்கியமான கடமை எல்லாம் 18 மாசம் கழிச்சு, அதாவது 2027 மே மாசத்துல இருந்து தான். சுப்ரீம் கோர்ட் தனியுரிமை அடிப்படை உரிமைன்னு சொன்னது 2017 ஆகஸ்ட் 24, அங்கிருந்து இங்க வர பத்து வருஷம்னா ரொம்ப மெதுவு, அந்த இடைவெளியில தான் இந்த ஆப்புங்க எல்லாம் வளந்துச்சு, எனக்கு இதுல நிஜமாவே கோபம் உண்டு. ஆனா வந்ததுக்கு அப்புறம் நல்ல விஷயங்கள் இருக்கு: சம்மதம் கேக்கற நோட்டீஸ தமிழ்ல கேட்டா தமிழ்ல குடுக்கணும், சம்மதம் குடுத்த அளவுக்கே சுலபமா திரும்ப எடுக்கவும் முடியணும், வேலைக்கு தேவையில்லாத டேட்டாவுக்கு நீங்க சம்மதம் குடுத்திருந்தாலும் அது செல்லாது, பாதுகாப்பு சரியில்லாம டேட்டா போச்சுன்னா கம்பெனிக்கு 250 கோடி வரைக்கும் அபராதம். ஒண்ணு கவனிங்க, அந்த அபராதம் அரசாங்கத்துக்கு தான் போகும், உங்களுக்கு நஷ்ட ஈடா வராது. அதனால இன்னைக்கு தேதிக்கு லோன் ஆப் விஷயத்துல கைக்கு எட்டற சட்டம் ரிசர்வ் பேங்க் உத்தரவும் போலீஸ் கேஸும் தான்.

எல்லாம் அடங்கினதுக்கு அப்புறம்

முறையான கடன்னா கட்டி முடிங்க, ஒரே தடவ முடியலன்னா மெயில்லயே தவணை கேளுங்க, ஒத்துக்கிட்டத எழுத்துல வாங்குங்க. முடிஞ்சதும் நோ ட்யூ சர்டிபிகேட் வாங்காம விடாதீங்க, இது இல்லாம தான் ரெண்டு வருஷம் கழிச்சு வேற ஒரு ஏஜென்ட் அதே லோனுக்கு போன் பண்ணுவான்.

அப்புறம் கிரெடிட் ரிப்போர்ட். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், க்ரிஃப் ஹைமார்க்னு நாலு கம்பெனி இருக்கு, ஒவ்வொண்ணும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமா குடுக்கணும், அதனால மூணு மாசத்துக்கு ஒண்ணுன்னு மாத்தி மாத்தி எடுத்தா வருஷம் முழுக்க ஒரு கண்ணு இருக்கும். அவங்க சைட்ல காசு கட்டற பிளான் தான் பெருசா தெரியும், இலவசம்றது கீழ சின்னதா இருக்கும், பொறுமையா தேடுங்க. ரிப்போர்ட்ல உங்க பான் நம்பர்ல நீங்க வாங்காத கடன் இருக்கா, கட்டி முடிச்சது இன்னும் பாக்கின்னு நிக்குதான்னு பாருங்க. தப்பு இருந்தா அங்கயே டிஸ்ப்யூட் போடுங்க, நோ ட்யூ சர்டிபிகேட்ட இணைச்சு. 30 நாள்ல சரி பண்ணலன்னா அதுக்கு மேல ஆகற ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபா உங்களுக்கு குடுக்கணும்னு 2024 ஏப்ரல்ல இருந்து விதி இருக்கு, தானா குடுக்கலன்னா டிஸ்ப்யூட் போட்ட தேதியோட ஸ்க்ரீன்ஷாட்ட வச்சு எழுதிக் கேளுங்க, அப்பவும் வரலன்னா அதே சிஎம்எஸ் போர்ட்டல் தான்.